கால் டப்பா வார்னிஷ்

வெளிநாட்டில் படிக்க எனக்கு உதவித்தொகை கிடைத்த செய்தி மூன்று மணி நேரம் ஒரு மரப்பெட்டிக்குள் கிடந்தது. ஏழாயிரம்பண்ணை போகிற சாலையில் இருக்கும் எங்கள் பட்டாசுக் கம்பெனியின் கேட்டில், வாட்ச்மேன் மேசைக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் யாராக இருந்தாலும் செல்போனை அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். முதலாளி மகளுக்கும் அதே சட்டம்தான். இன்னும் சொல்லப்போனால், அந்தப் பெட்டியை வைக்கச் சொல்லி அப்பாவோடு மல்லுக்கு நின்றவளே நான்தான். அன்று இடிதாங்கிகளைச் சோதிக்க ஓர் ஆள் வந்திருந்தார். மின்னியல் படித்த மகள் வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று அப்பா என்னை அவரோடு அனுப்பியிருந்தார்.

மதியம் வெளியே வந்து, நாற்பது செல்போன்களுக்கு நடுவே என்னுடையதைத் தேடி எடுத்துப் பார்த்தால் அந்த மின்னஞ்சல். ஜெர்மனியில் இரண்டு வருட முதுநிலைப் பொறியியல் படிப்பு. ரசாயனத் தூள்களில் உண்டாகும் நிலைமின்சாரம்தான் பாடம். போக, வர, தங்க, சாப்பிட எல்லாம் அவர்கள் பொறுப்பு. இதற்காக நான் எழுதாத பரீட்சை இல்லை, கெஞ்சாத பேராசிரியர் இல்லை. மின்னஞ்சலை இரண்டு முறை படித்தேன். பிறகு செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

வாட்ச்மேன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாப்பா, யாருக்கும் ஏதும் ஆயிருச்சா?"

"இல்லண்ணே. ஜெர்மனியில படிக்க இடம் கெடைச்சிருக்கு."

"நல்ல விசயந்தான. பின்ன ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீக?"

எப்படி வைத்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது. சந்தோஷம் கொஞ்சம் தாமதமாக வரும் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். வீடு வந்து சேரும் வரை வரவில்லை.

சிவகாசியில் எங்கள் வீட்டில் அந்தச் சந்தோஷத்தை எனக்காக மற்றவர்கள் அனுபவித்தார்கள். அம்மா கேசரி கிண்டினாள். அப்பா பெரியப்பா, சித்தப்பா வரிசையில் ஒருவர் விடாமல் போன் போட்டார். அச்சகம் நடத்தும் தாய்மாமா மூன்றாம் நாளே கடைத்தெரு முக்கில் ஆளுயர ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார். பட்டமளிப்பு அங்கியில் நான், தலைக்கு மேல் ஒரு விமானம், பின்னால் பாரிஸ் கோபுரம். நான் போவது ஜெர்மனிக்கு என்று மாமாவிடம் சொன்னேன். "வெளிநாடுன்னு தெரிஞ்சாப் போதாதா" என்றார். சிவகாசியில் அச்சடித்ததை யாரும் திரும்ப அடிப்பதில்லை. கோபுரம் அப்படியே நின்றது.

அந்த மின்னஞ்சலில் ஒரு வரி இருந்தது. அதை நான் யாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. "செயற்கை இழைச் சேலை உடுத்தி வந்ததால் தீவிபத்துக்குக் காரணமாகிவிட்ட அந்தப் பெண் தொழிலாளியைப் பற்றி நீங்கள் எழுதியது எங்கள் குழுவை மிகவும் பாதித்தது" என்று எழுதியிருந்தார்கள். இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். நான் அந்த அக்காவைப் பற்றி எழுதினேன். எழுத வேண்டியதில் பாதியை விட்டுவிட்டேன். விட்ட பாதியில் நான் இருந்தேன்.

நான் எட்டாவது படித்த வருடம் அது.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகும். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் பட்டாசு மருந்துக்கு முன்னால் பொறியாகத் தெறித்துவிடக் கூடாது என்பதற்காக, உள்ளே போகிறவர்கள் முதலில் அந்தத் தகட்டில் கை வைத்துவிட்டுப் போக வேண்டும். கை வைத்தால் எல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடும். தொழிலாளிகளில் சிலர் தகட்டைத் தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

ஆயுத பூஜைக்குத் தராசு, படி, சல்லடை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். தகடுகளைப் புளி போட்டுத் தேய்ப்பது வருடா வருடம் என் வேலை. தேய்த்த அன்று தங்கம் போல மின்னும். நாலே நாளில் கறுத்துவிடும். அது எனக்கு எரிச்சல். அந்த வருடம் மாமாவின் அச்சகத்தில் பட்டாசு லேபிள்களுக்கு வார்னிஷ் ஓடிக்கொண்டிருந்தது. வார்னிஷ் ஏறிய லேபிள் வெயில், தண்ணீர் எதற்கும் மங்காது என்று மெஷின் ஓட்டுகிறவர் சொன்னார். டப்பாவின் அடியில் கால் பங்கு மிச்சம் இருந்தது. கேட்டு வாங்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். தேய்த்த தகடுகளின் மேல் பிரஷ்ஷால் அடித்தேன். மூன்று தகடுகளுக்குத்தான் வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மட்டும் கறுக்காமல் இருப்பதை அவர்களே கண்டுபிடித்து, யார் செய்தது என்று கேட்கட்டும் என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. தீபாவளி போய், பொங்கல் போய், அடுத்த சீசன் வேலை சூடு பிடித்தது.

மாசி மாதம், காற்று வறண்டு அடிக்கும் ஒரு காலையில், பூச்சட்டிக்கு மருந்து செலுத்தும் அறையில் தீப்பிடித்தது. முதலில் உள்ளே நுழைந்தது அந்த அக்கா. தாயில்பட்டிப் பக்கத்திலிருந்து வேனில் வருகிறவள். லீவு நாளில் நான் கம்பெனிக்குப் போனால் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துத் தலை பின்னிவிடுவாள். பின்னல் வலிக்கும், அவ்வளவு இறுக்கம். அவளுக்குப் பின்னால் வந்த மூன்று பேரும் வெளியே ஓடித் தப்பினார்கள். அவளுக்கு வலது கை, கழுத்து, ஒரு பக்கத் தோள் வெந்துபோனது. உயிர் பிழைத்தாள். மூன்று விரல்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டன.

நிலைமின்சாரம் சேர்கிற நைலான் சேலையை அவள் கட்டிக்கொண்டு வந்ததுதான் காரணம் என்று ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. விசாரணைக்கு வந்தவர்களிடமும் போர்மேன் அதைத்தான் சொன்னார். 'நைலான், பாலியஸ்டர் துணி உடுத்தி வராதீர்' என்று கேட்டில் ஒரு போர்டு மாட்டினார்கள். வாசலில் ஓர் அம்மா நின்று, வருகிற பெண்களின் முந்தானையைக் கசக்கிப் பார்த்து உள்ளே விட்டாள். கை சுமாராக ஆனதும் அந்த அக்கா வேறு இரண்டு கம்பெனிகளில் லேபிள் ஒட்டுகிற வேலையாவது கேட்டுப் பார்த்தாளாம். நைலான் கட்டி வந்தவள் என்று சொல்லிச் சேர்க்கவில்லை.

கல்லூரியில் இரண்டாம் வருடம், ஆய்வகத்தில் ஒரு கம்பியை இணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தேன். முள் அசையவில்லை. ஆசிரியர் வந்தார். கம்பியின் நுனியை பிளேடால் சுரண்டினார். "மேல வார்னிஷ் பூசியிருக்கும்மா, அது இருந்தா எப்படிக் கரண்ட் போகும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் பிளேடை வாங்கி அடுத்த கம்பியையும் சுரண்டினேன். அதற்கடுத்ததையும் சுரண்டினேன். பக்கத்தில் இருந்த தோழி, "போதும்டி, ரெண்டுதான் வேணும்" என்றாள்.

அன்றையிலிருந்து எனக்குள் ஏதோ ஓர் இடம் மரத்துப்போனது. பல் பிடுங்கக் குத்திய ஊசியின் மரமரப்பு சாயங்காலத்துக்குள் போய்விடும். இது போகவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன், நல்ல மார்க் வாங்கினேன். நிலைமின்சாரத்தில் எனக்கு ஏன் இத்தனை ஈடுபாடு என்று பேராசிரியர்கள் ஆச்சரியப்பட்டார்கள். விண்ணப்பத்தில் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது வார்னிஷை எழுதத்தான் நினைத்தேன். சேலை என்று எழுதினேன். தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் நன்றாகவே வந்திருந்தது.

இப்போது அந்த வரியையே தேடிப் பிடித்துப் பாராட்டுகிறார்கள். வாழ்த்த வந்தவர்கள் கொடுத்த லட்டுப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு பகல் பதினொரு மணிக்கு வண்டியில் தாயில்பட்டிப் பக்கம் கிளம்பினேன். வார்னிஷ் அடித்தது நான் என்று அந்த அக்காவிடம் சொல்ல வேண்டும். அதற்கு மேல் எனக்குத் திட்டம் எதுவும் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் ஆடுகளுக்குக் கருவேலங்காயைக் கொட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இடது கையால் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடினாள்.

"வாங்க பாப்பா. ஒங்க படத்த முக்குல மாட்டியிருக்காகளாமே. வேன்ல போறவளுக சொன்னாளுக. எந்த ஊருக்குப் போறீக?"

முன்பெல்லாம் "வா பாப்பா" என்றுதான் சொல்வாள்.

"ஜெர்மனிக்கு அக்கா."

"அம்புட்டுத் தூரமா. குளிருமாமே அங்கன. உக்காருங்க."

கட்டிலில் உட்கார்ந்தேன். லட்டுப் பெட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தேன். சுற்றி வளைக்கத் தெம்பில்லை. நேராகச் சொன்னேன்.

"அக்கா, நீங்க வேலை பார்த்த ரூம் தகட்டுல அந்த வருஷம் நான் வார்னிஷ் அடிச்சுட்டேன். லேபிளுக்கு அடிக்கிற வார்னிஷ். பளபளன்னு இருக்கட்டும்னு. அது மேல இருந்தா கரண்ட் மண்ணுக்குள்ள இறங்காது. எனக்கு அப்ப தெரியாது."

அவள் ஆட்டுக்குப் போட்ட காயைக் காலால் தள்ளிக் குவித்தாள்.

"அந்தத் தகடு கறுக்காமலே இருந்துச்சு. நாங்கூடச் சொல்லுவேன், நம்ம ரூம் தகடு ராசியான தகடுன்னு."

"அதுதான் அக்கா."

"நான் தெனமும் தொட்டுட்டுத்தான் பாப்பா உள்ள போவேன். ஒருத்தி ரெண்டு பேரு மறந்துருவாளுக. நான் மறந்ததில்ல. அன்னைக்கும் தொட்டேன்."

நான் தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். அதற்கு முன்னால் ஏனோ பொறியாளர் வேடம் கட்டிக்கொண்டேன். "தகடு மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது அக்கா. நைலான் சேலையும் சேர்ந்துதான்..." என்று ஆரம்பித்தேன்.

"யாரு சொன்னா நைலான்னு?"

குரல் ஏறவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்காக அவள் நெடுநாள் காத்திருந்தது போலத் தெரிந்தது.

"அது நூல் சேல. கல்யாண நாளுன்னு புதுசு கட்டிட்டு வந்தேன். கஞ்சி போகாத புதுச்சேல, பளிச்சுன்னு இருந்துச்சு. அதப் பாத்துட்டு நைலான்னு சொல்லிட்டாக. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே எல்லார்ட்டயும் சொன்னேன். சேல எரிஞ்சுபோச்சு, எதக் காட்டுவேன்?" மூடியிருந்த முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். "நைலான்னா உருகித் தோலோட ஒட்டிக்கிடும். இந்த ஊருல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கு எங்கன ஒட்டியிருக்கு? டாக்டரு துணியவா உரிச்சாரு? சாம்பலத்தான தொடச்சாரு."

நைலான் உருகும், நூல் சாம்பலாகும். நாலு வருடம் பொறியியல் படித்த எனக்கு அது தெரியாதா? தெரியும். இத்தனை வருடத்தில் அந்தக் கழுத்தை ஒரு முறையாவது போய்ப் பார்ப்போம் என்றுதான் தோன்றவில்லை. சேலைக் கதை எனக்கு வசதியாக இருந்தது. வசதியான கதையை யாரும் கசக்கிப் பார்ப்பதில்லை.

"அந்த ஊருக்காரகளுக்கு என்னன்னு எழுதியிருக்கீக?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

"அப்ப அங்கனயும் நான்தானா."

காலியான காய்ச் சாக்கை உதறிப் போட்டாள்.

"மாத்தி எழுதுங்க."

"எழுதறேன் அக்கா."

"எழுதினா நீங்க போக முடியாமப் போயிருமா?"

"போனாலும் போயிரும். தெரியல."

போனால் போகட்டும் என்று அவள் சொல்லவில்லை. வேண்டாம் விடுங்க என்றும் சொல்லவில்லை. லட்டுப் பெட்டியைப் பார்த்து, "வச்சுட்டுப் போங்க" என்றாள்.

அப்பா சாயங்காலம் காபி குடிக்கும்போது சொன்னேன். வார்னிஷ், தகடு, நூல் சேலை, நான் அனுப்பப் போகிற திருத்தம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அப்பா காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"வார்னிஷ்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"காலேஜ்ல, ரெண்டாவது வருஷம்."

"எனக்கு அன்னைக்கே தெரியும்."

தீ அணைந்ததும் அவர் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தது அந்தத் தகட்டைத்தானாம். வார்னிஷ் கருகித் தோல் தோலாக உரிந்து நின்றதாம். மற்றத் தகடுகளைத் தடவிப் பார்த்தபோது இன்னும் இரண்டு வழவழவென்று இருந்தனவாம். விசாரணைக்கு ஆள் வருவதற்குள் பித்தளைக் கத்தியால் மூன்றையும் சுரண்டி, புளியால் தேய்த்து வைத்திருக்கிறார். ஆயுத பூஜை அன்று நான் டப்பாவும் பிரஷ்ஷுமாக அலைந்தது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

"தகடு வேல செய்யலன்னா ஏன்னு கேப்பாக. ஏன்னு கேட்டா யார் பேரச் சொல்லுவேன்? எட்டாவது படிக்கிற பிள்ள பேரையா சொல்லுவேன்?"

"அப்ப சேலைன்னு சொன்னது போர்மேன் இல்லையா?"

"அவரு என்ன செய்வாரு. நான் சொல்லச் சொன்னேன், சொன்னாரு."

எனக்கு அந்த இடத்தில் கோபம் வந்திருக்க வேண்டும். எனக்காகத்தான் செய்தார் என்பதற்காக அழுகையாவது வந்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. பசித்தது. சமையலறைக்குப் போய் நின்றபடியே இரண்டு தோசை சாப்பிட்டேன். நான் திரும்பி வந்தபோதும் அப்பா அதே காபியை வைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப அனுப்பாத. போய்ச் சேந்துட்டு மெதுவா எழுதிக்கிடலாம்" என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அனுப்பினேன். கட்டுரையில் அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியது தவறு என்றும், அவள் உடுத்தியிருந்தது பருத்திச் சேலை என்றும், தகட்டில் வார்னிஷ் பூசியவள் நான் என்றும், அதைத் தெரிந்தே மறைத்தேன் என்றும் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதால் சுலபமாகவே இருந்தது.

ஒன்பது நாள் பதில் வரவில்லை. அந்த ஒன்பது நாளும் முக்கில் என் படம் நின்றது. கடைக்குப் போனால் வாழ்த்தினார்கள். எப்போது கிளம்புகிறாய், கம்பளி எடுத்தாயா, ஊறுகாய் கொண்டுபோக விடுவார்களா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அம்மா விருதுநகரில் தன் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போய், எல்லோர் காலிலும் விழ வைத்தாள். விழுந்து எழுந்தேன். போகாமலே போய்விட்டால் இந்த ஆசீர்வாதங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று ஒரு குதர்க்கமான யோசனை வந்தது.

பத்தாம் நாள் பதில் வந்தது. திருத்தத்தைக் கோப்பில் சேர்த்துவிட்டார்களாம். உதவித்தொகையில் மாற்றம் இல்லையாம். "உங்கள் நேர்மை எங்கள் தேர்வு சரியானதே என்பதை உறுதி செய்கிறது" என்று முடித்திருந்தார்கள். அந்தக் கடைசி வரி எனக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொன்னதற்கு ஒரு பாராட்டு, அதை ஒப்புக்கொண்டதற்கு இன்னொரு பாராட்டு. எப்படிப் போட்டாலும் எனக்குத்தான் லாபம் விழுந்தது.

அந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன். செல்போனைப் பார்த்துத் தமிழில் படித்துக் காட்டினேன். கடைசி வரியை விட்டுவிட்டேன். அவள் முழுதும் கேட்டாள்.

"நல்லதாப் போச்சு. நீங்க போகலாம்."

"ஆமாக்கா."

"சரி. இதத் தமிழ்ல எழுதிக் குடுங்க."

"உங்களுக்கா?"

"எனக்கு எதுக்கு? எனக்குத் தெரியாதா? கம்பெனி கேட்டுல ஒட்டுங்க." ஒட்டிய விரல்களால் ஈயை விரட்டினாள். "ஜெர்மனிக்காரன் என்னைய எங்கன பாத்தான், பாப்பா? அவனா என்னைய வேலைக்கு வேணாம்னான்? அந்தப் போர்டப் பாத்துட்டுத்தான தெனமும் அம்புட்டுப் பேரும் உள்ள போறாக. எம் மகனுக்குப் பொண்ணு கேட்டுப் போன எடத்துலகூட, நைலான் கட்டிட்டு வந்து ரூம எரிச்சவ மகனான்னு கேட்டாக."

இத்தனை செய்தும் நான் எழுதியது சரியான விலாசத்துக்குப் போகவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தமிழில் எழுத மூன்று நாள் ஆனது. ஆங்கிலத்தில் அரை மணி நேரத்தில் வந்தது, தமிழில் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் முகத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. 'எனது தந்தையார்' என்று எழுதினால் அப்பா வந்து நின்றார். அடித்துவிட்டு 'நிர்வாகம்' என்று எழுதினால் யாருமே இல்லை. மறுபடி 'என் அப்பா' என்று எழுதினேன். பத்து வரிக்குள் முடித்து, அந்த அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"நூல் சேலன்னு மட்டும் போட்டிருக்கீக. கலரு போடலையே."

"கலர் வேணுமா அக்கா?"

"மாம்பழக் கலரு. பச்சைக் கரை. போடுங்க."

பேனாவை எடுத்து அங்கேயே எழுதிச் சேர்த்து, மறுநாள் காலை ஒட்டுவதாகச் சொன்னேன். தாளை அப்பாவிடம் காட்டியபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கையெழுத்து இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது.

"ஒட்டித்தான் ஆகணுமா?"

"ஆமாப்பா."

"நாளைக்கு நான் கம்பெனிக்கு வரல" என்றார். சட்டைப் பையிலிருந்து கேட் சாவியை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கே போய்விட்டேன். நைலான் போர்டுக்குக் கீழே, செல்போன் பெட்டிக்கு நேர் மேலே, எல்லோர் கண்ணும் படுகிற உயரத்தில் ஒட்டினேன். வாட்ச்மேன் படித்துவிட்டு என்னைப் பார்க்காமல் பசை டப்பாவை மூடி வைத்தார். எட்டு மணிக்கு முதல் வேன் வந்தது. அதிலிருந்து அந்த அக்கா இறங்கினாள். தலைக்குக் குளித்து, வெளுத்த நூல் சேலை கட்டியிருந்தாள். பத்து வருடமாக அவள் அந்த கேட்டுக்கு வந்ததில்லை.

பெண்கள் வரிசையாக வந்து பெட்டியில் செல்போனைப் போட்டார்கள், நிமிர்ந்தார்கள், நின்றார்கள். வரிசை நகரவில்லை. படிக்கத் தெரியாதவர்கள் என்ன என்ன என்று கேட்டார்கள். அந்த அக்காவே முன்னால் போய் நின்று வாய்விட்டுப் படித்தாள். முதலாளி மகள் வார்னிஷ் அடித்ததைப் படித்தாள். முதலாளி சுரண்டியதைப் படித்தாள். சேலைக்கு வந்ததும் அவள் குரல் மெலிந்தது. "மாம்பழக் கலர், பச்சைக் கரை போட்ட நூல் சேலை" என்று படித்துவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினாள்.

வரிசையின் நடுவிலிருந்து ஒரு பெரியவள், அன்று அவளோடு அந்த அறைக்குப் போக வந்த மூவரில் ஒருத்தி, சாதாரணமாகச் சொன்னாள்:

"ஆமா. மாம்பழக் கலருதான். எனக்கு ஞாபகம் இருக்கு."

அந்த அக்கா தாளிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள்.

"அன்னைக்குச் சொல்லலையே நீ" என்றாள்.

எனக்குள் மரத்திருந்த இடம் அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது. பெரியவள் செல்போனைப் பெட்டியில் போட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராகச் செல்போனைப் போட்டுவிட்டுப் போனார்கள்.